காப்பாற்றியது யார்?

(திருவொற்றியூரில் நடந்த பகுத்தறிவுப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



நான் இன்று ஒரு சினிமாப் படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன் வரிசையில் சில தோழர்கள் சிரிக்கிறீர்கள். சினிமாவை எந்நேரமும் கண்டித்துப் பேசுகிறவனுக்கு இன்று என்ன வந்துவிட்டது என்று தோன்றலாம். ஆட்டபாட்டத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. ஒரு தோழர் வீட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம். பார்த்து முடித்ததும் அங்கிருந்த பெரியவர் ஒருவர், "இதற்குப் பிறகுமா கடவுள் இல்லை என்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் போகிறேன்.

அந்தப் படம் 1976ல் மெக்சிகோ தேசத்தில் ரெனே கார்தோனா என்பவர் எடுத்தது. செலவு குறைந்த படம். சில இடங்களில் ஜோடனை நன்றாகவே தெரிகிறது. அதே சங்கதியை 1993ல் அமெரிக்காவிலும், 2023ல் ஸ்பெயின்காரரான பயோனா என்பவரும் பெரும் பணம் போட்டு எடுத்தார்கள். ஏழைப் படமோ பணக்காரப் படமோ, நடந்தது ஒன்றுதான்.

1972 அக்டோபர் 13ந் தேதி, உருகுவே தேசத்து விமானப் படையின் விமானம் ஒன்று 45 பேரை ஏற்றிக்கொண்டு ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடந்து சிலி தேசத்துக்குப் போயிற்று. பந்து விளையாடும் வாலிபர்களும் அவர்கள் சுற்றத்தாரும்தான் அதில் பெரும்பாலோர். மேகத்துக்குள் விமானி, மலையைத் தாண்டிவிட்டோம் என்று தவறாகக் கணக்கிட்டு, தாண்டுவதற்கு முன்பே கீழே இறக்கினார். மலையில் மோதி இறக்கையும் வாலும் பிய்ந்து, நடு உடல் மட்டும் பனியில் சறுக்கிப்போய் நின்றது. இதிலே விதி எங்கே வந்தது, கிரகம் எங்கே வந்தது? கணக்குப் பிழை, அவ்வளவுதான்.

தேடிய விமானங்கள் அவர்கள் தலைக்கு மேலேயே பறந்தன. வெள்ளைப் பனியில் வெள்ளை விமானம் கண்ணுக்குப் படவில்லை. தேடுதலைக் கைவிட்டார்கள் என்ற செய்தியை, செத்தவர்களாகக் கருதப்பட்ட அவர்களே சின்ன ரேடியோப் பெட்டியில் கேட்டார்கள்! அக்டோபர் 29ந் தேதி இரவு பனிச்சரிவு விழுந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 8 பேரை மூடிக் கொன்றது. கடைசியில் 72 நாள் கழித்து உயிரோடு வந்தவர்கள் 16 பேர். இதற்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் "ஆண்டீஸ் அற்புதம்".

தோழர்களே! அந்த அற்புதத்தைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்போம். குடிக்கத் தண்ணீர் இல்லை, சுற்றிலும் பனிதான். ஆசனத்தின் முதுகுத் தகட்டைப் பிடுங்கி வெயிலில் வைத்து, அதன்மேல் பனியை உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தார்கள். பனி வெளிச்சத்தில் கண் போகாமல் இருக்க, விமானி அறையிலிருந்த நிறக் கண்ணாடித் தகட்டை வெட்டிக் கண்ணாடி செய்தார்கள். விமானத்தின் வால் பகுதியிலிருந்து குளிர் தாங்கும் துணியை உரித்துத் தூங்கும் பை தைத்தார்கள். அந்தப் பையோடு பர்ராடோ, கனெஸ்ஸா என்ற இருவர், கனெஸ்ஸா வைத்தியம் படித்துக்கொண்டிருந்தவர், மலை ஏறும் கருவி ஒன்றுமில்லாமல் பத்து நாள் நடந்தார்கள். ஓர் ஆற்றங்கரையில் செர்ஜியோ கத்தலான் என்ற மாட்டுக்காரர் எதிர்ப்பட்டார். வெள்ளத்தின் இரைச்சலில் பேச்சுக் கேட்கவில்லை. அவர் காகிதத்தையும் எழுதுகோலையும் கல்லில் கட்டி அக்கரைக்கு எறிந்தார். பர்ராடோ எழுதித் திருப்பி எறிந்தார். கத்தலான் அவர்களுக்கு ரொட்டி கொடுத்துவிட்டு, குதிரையேறிப் போய்ப் போலீசுக்குச் சொன்னார். அதன் பிறகே ஹெலிகாப்டர் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்ததும், மாடு மேய்க்கும் ஒரு மனிதனுடைய நல்ல மனமும் காப்பாற்றிய இடத்தில், பேரை மட்டும் கடவுள் தட்டிக்கொண்டு போவதா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பசிக்கு அவர்கள் இறந்துபோன தோழர்களின் உடலைத் தின்றார்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறீர்கள். அவர்களும் சுளித்தார்கள், அழுதார்கள். பிறகு, "நான் செத்தால் என் உடலை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். எந்த சாஸ்திரமும் சொல்லிக் கொடுத்ததல்ல அது. நம் ஊரில் செத்த பிறகு கண்ணைக் கொடுங்கள் என்றால், அடுத்த பிறவியில் குருடனாகப் பிறப்பேன் என்கிறான் படித்தவன்!

நிற்க. பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த விமானத்தில் இருந்தவர்கள் கத்தோலிக்கர்கள். பனியில் கிடந்தபடி இரவுதோறும் கூடி ஜெபமாலை சொன்னார்கள். பனிச்சரிவில் மாண்ட 8 பேரும் அதே ஜெபத்தைச் சொன்னவர்களே. கருணைக் கடலானவர் 45 பேரில் 16 பேரைப் பொறுக்கி எடுத்தார் என்றால், மீதி 29 பேரிடம் அவருக்கு என்ன விரோதம்? பிழைத்த 16 பேர் சாட்சி சொல்கிறார்கள். அந்த 29 பேரை யார் கேட்பது?

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த கேள்வியல்ல. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க தேசத்தில் டியாகரஸ் என்ற நாஸ்திகர் இருந்தார். கடல் ஆபத்தில் பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டு வைத்த படங்களைக் கோயிலில் காட்டி, "இத்தனை பேரைக் கடவுள் காப்பாற்றியிருக்கிறாரே" என்று ஒருவர் அவரிடம் சொன்னாராம். மூழ்கிப் போனவர்களின் படம் எங்கே என்று டியாகரஸ் கேட்டார். ரோமாபுரி சிசரோ இதை எழுதி வைத்திருக்கிறார்.

இதையே கணக்காகப் போட்டுக் காட்டிய ஒருவர் நம் நீலகிரி மலையில்தான் மாண்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது. ஆபிரகாம் வால்ட் என்பது அவர் பெயர். ஹங்கேரியில் பிறந்த யூதர். அமெரிக்காவுக்குப் போன கணித நிபுணர். இரண்டாவது உலக யுத்தத்தில், குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களைப் பார்த்து எங்கே கவசத் தகடு வைப்பது என்ற பிரச்சினை வந்தது. ஓட்டை அதிகமாயுள்ள இடத்தில் வைப்போம் என்றுதான் நமக்கெல்லாம் தோன்றும். வால்ட் கணக்கு வேறு: இங்கே அடிபட்டவை திரும்பி வந்துவிட்டன, ஓட்டை இல்லாத இடத்தில், அதாவது என்ஜினில், அடிபட்டவையோ திரும்பவே இல்லை, ஆகையால் அங்கே கவசம் வேண்டும். வந்ததை மட்டும் எண்ணுகிறவன் ஏமாந்து போவான் என்று காட்டிய அந்த மனிதர், இந்திய அரசாங்கம் அழைத்ததன் பேரில் இங்கே வந்து பல ஊர்களில் பேசி வந்தார். 1950 டிசம்பர் 13ந் தேதி அவரும் அவர் மனைவியும் வந்த விமானம் கோத்தகிரிக்கு அப்பால், ரங்கசாமி மலைப் பக்கம் மோதி நொறுங்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. சாமி குடியிருக்கும் மலை என்று ஜனங்கள் கும்பிடும் இடம் அது. அங்கே அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே யாரும் படமும் எடுக்கவில்லை.

2016 ஜூலை 22ந் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ராணுவ விமானத்திலும் 29 பேர். நம் சமுத்திரத்துக்கு மேலேதான் மறைந்தது. 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவு இன்னதென்று தெரிய 2024 ஜனவரி ஆயிற்று. (ஆண்டீஸில் செத்ததும் 29, இங்கேயும் 29 என்று ஜோசியக்காரன் எவனாவது கிளம்பினால் அவனை என்னிடம் அனுப்புங்கள்.)

மலையும் விமானமும் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நான் சிறு பையனாக இருந்தபோது எங்கள் குப்பத்திலிருந்து கட்டுமரத்தில் மூன்று பேர் போனார்கள். காற்றில் மாட்டிக்கொண்டு, மூன்றாம் நாள் இரண்டு பேர் கரை சேர்ந்தார்கள். அம்மனுக்குப் பெரிய படையல். வராதவருடைய மனைவி கைக்குழந்தையோடு கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். பூசாரி, "அம்மா காப்பாத்திட்டா" என்று சொன்னதும் அந்த அம்மையார், "பூசாரிண்ணே, எங்க ஊட்டுக்காரரும் இதே அம்மனுக்குத்தானே காசு முடிஞ்சு வச்சிட்டுப் போனாரு? அவரு காசு செல்லாதா?" என்று கேட்டார். கூட்டம் அவரைத்தான் அதட்டிற்று. நான் பிற்பாடு படித்த எந்தப் புத்தகமும் அதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் கற்றுக் கொடுக்கவில்லை.

2023 டிசம்பர் 26ந் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினோம். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மறுநாள் எத்தனை பேர், "சாமி புண்ணியத்தில் உயிர் தப்பியது" என்று சொன்னார்கள்! உங்கள் உயிர் சாமி கணக்கில் ஏறிவிட்டால், குழாயை எப்போது சோதித்தாய், அபாயச் சங்கு எங்கே ஊதிற்று என்று எவனும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முதலாளிக்கு இதைவிட மலிவான வக்கீல் கிடைப்பானா?

எண்ணூர்த் தோழர் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "பிழைத்தவர்களே கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லும்போது மறுக்க உங்களுக்கு என்ன யோக்கியதை?" நல்ல கேள்வி. அவர்களிலும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிறவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. 72 நாள் பனியில் கிடந்தவர் எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டுச் சொல்லுகிறவரைத்தான் கேட்கிறேன்.

நேரமாகிவிட்டது, எண்ணூர் போகிறவர்கள் பஸ் பிடிக்க வேண்டும். கடலுக்குப் போகும் தோழர்கள் மட்டும் மேடைக்குப் பின்னால் வாருங்கள். இஸ்ரோவில் செய்த அபாய அறிவிப்புக் கருவி ஒன்றைக் காசிமேட்டுத் தோழர் கொண்டுவந்திருக்கிறார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவர் காட்டுவார்.