கையில் ஒட்டாத விளிம்பு



நான் ஸ்காபரோவில் ஒரு சிறிய பட்டறையில் லேசர் இயந்திரத்தில் மரம் வெட்டுகிறேன். எங்கள் தமிழ்ப் பள்ளி விழாவுக்கு 40 பெயர்ப்பலகைகள் செய்து தர ஒப்புக்கொண்டேன். 3 மில்லிமீற்றர் பிளைவூட். வெட்டி முடித்ததும் ஒன்றைப் பெருமையாக அப்பாவிடம் நீட்டினேன். அவர் ஊரில் தச்சுவேலை செய்தவர். விளிம்பைத் தடவி, கறுத்துப்போன விரலை எனக்குக் காட்டினார். "தம்பி, இதையோ வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளையளுக்குக் குடுக்கப்போறாய்?" என்றார். 40 பலகைகளையும் திரும்ப வெட்டினேன். அப்போது படித்ததைத்தான் இன்று சொல்கிறேன்.

லேசர் வாளைப்போல் அறுப்பதில்லை, எரித்துத்தான் வெட்டுகிறது. ஆகவே விளிம்பு கொஞ்சம் பழுப்பாகத்தான் வரும். ஆனால் கையில் ஒட்டும் கரி வேறு. சூடு ஒரே இடத்தில் தேவைக்கு மேல் நின்றதன் அடையாளம் அது. மெதுவாகப் போனால் சுத்தமாக வெட்டும் என்று நான் வேகத்தைக் குறைத்திருந்தேன். அதுதான் பிழை. கழிவுத்துண்டில் சிறு சதுரங்களை வெவ்வேறு வேகத்தில் வெட்டிப் பாருங்கள். ஒரே ஓட்டத்தில் துண்டு கழன்று விழுகிற வேகங்களில், ஆகக் கூடியது எதுவோ அதை எடுங்கள்.

அடுத்தது, கதிர் குவியும் உயரம். பலகை வளைந்திருந்தால் ஓரிடத்தில் கூராகவும் இன்னோரிடத்தில் அகலமாகவும் எரியும். ஓரங்களில் பாரம் வைத்து மட்டமாக்குங்கள். வில்லையில் புகை படிந்திருந்தாலும் கதிர் மங்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதற்குரிய மெல்லிய தாளால் துடையுங்கள்.

மூன்றாவது, காற்று. வெட்டும் இடத்தில் காற்றை ஊதவிட்டால் சுவாலையும் புகையும் விலகும். புகையை வெளியே இழுக்கும் விசிறியும் ஓடவேண்டும். பலகையின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் புகைக்கறை டேப்போடு உரிந்துவிடும். கீழ்ப்பக்கத்தில் தழும்பு விழாமலிருக்க, பலகையைத் தட்டிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள்.

பலகையைப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள் பாவிக்கும் பிளைவூட் பொதுவாக இலகுவாக வெட்டுப்படும். மழைக்குத் தாங்கும் பசை போட்டதில் கரி கூட. கடைசியில் மெல்லிய அரத்தாளால் ஒருமுறை தடவினால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். பிவிசி பிளாஸ்டிக்கை ஒருபோதும் வெட்டாதீர்கள்; அதிலிருந்து வரும் வாயு நுரையீரலையும் இயந்திரத்தையும் அரிக்கும். இயந்திரம் ஓடும்போது தேத்தண்ணி குடிக்கக்கூட விலகாதீர்கள். மரம் தீப்பிடிக்க ஒரு நிமிடம் தேவையில்லை. தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இரண்டாம் முறை வெட்டியதையும் அப்பா தடவிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. பாராட்டவும் இல்லை. "வாசல் கதவுக்கு என்ரை பேரிலயும் ஒண்டு வெட்டு" என்றார்.