பிள்ளையிடம் சொன்ன சொல்
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்புள்ள தாய்மார்களே, அத்தாமார்களே, பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்து வந்திருக்கும் நன்னிமாக்களே!

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். சாப்பிட அடம், பாலர் பள்ளிக்குப் போக அழுகை, ஃபோனைக் கேட்டு ரகளை என்று நீங்கள் பல கேள்விகள் கேட்டிருந்தீர்கள். அத்தனைக்கும் அடியில் இருக்கிற ஒரு விஷயத்தை மட்டும் இன்று பேசுகிறேன். நாம் பிள்ளையிடம் சொல்கிற சொல் உண்மையாக இருக்கிறதா என்பதுதான் அது.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது நடந்ததை அபூதாவூதில் காண்கிறோம். நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்தார்கள். தாயார் மகனைப் பார்த்து, "இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். என்ன கொடுக்க நினைத்தீர் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது ஒரு பொய்யாக உம்மீது எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். சின்னப் பிள்ளையிடம் சொன்னதுதானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை பேரீச்சம்பழங்கள் கொடுக்காமல் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, வாக்குறுதி. "நாளைக்கு வாங்கித் தாரேன்" என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளை என்பது எப்போது என்று தெரியாது. "அஸர் பாங்கு சொன்னதும் போவோம்", "ரெண்டு தடவை தூங்கி எழுந்ததும் தருவேன்" என்று அதற்குப் புரிகிற அளவில் சொல்லுங்கள். சொன்னால் செய்யுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். பத்து நிமிடம் அழட்டும், பரவாயில்லை.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேளுங்கள். தட்டிக்கழிக்க நினைக்கும்போதெல்லாம் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல் வந்தாலே "நடக்காது" என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. அல்லாஹ்வின் பெயரை முன்வைத்துச் சொன்னதை நாம்தான் மற்றவரைவிட உறுதியாக நிறைவேற்ற வேண்டும்.

சஃபரில் இருக்கும் அத்தாமார்களுக்கும் இது சேர வேண்டும். வீடியோ காலில் பிள்ளை அழும்போது "அடுத்த பெருநாளைக்கு வந்துடுவேன்" என்று சொல்லத்தான் தோன்றும். டிக்கெட் கையில் இல்லாமல் சொல்லாதீர்கள். "எப்ப வருவேன்னு எனக்கே இன்னும் தெரியலடா. தெரிஞ்ச அன்னைக்கே உனக்குச் சொல்றேன். ஆனா தினமும் மக்ரிபுக்கு அப்புறம் பேசுவேன்" என்று சொல்லுங்கள். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

இரண்டாவது, பயமுறுத்தல். "சாப்பிடலேன்னா டாக்டர் ஊசி போடுவார்", "போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்", "ஹஜ்ரத்துகிட்டச் சொல்லிடுவேன்" என்கிறோம். பிறகு காய்ச்சல் வந்தால் பிள்ளை மருத்துவமனை வாசலிலேயே கத்துகிறது. சந்தைக் கூட்டத்தில் தொலைந்துபோனால் உதவிக்கு வரும் போலீஸ்காரரைப் பார்த்து ஒளிகிறது. மக்தபில் சேரும் முன்பே ஓதிக்கொடுப்பவரைக் கண்டு நடுங்குகிறது. ஐந்து, ஆறு வயதில் முத்தடுப்பு ஊக்க ஊசி போட வேண்டும். அப்போது "வலிக்கவே வலிக்காது" என்று சொல்ல வேண்டாம். "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் சரியாகிடும், நான் கையைப் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, பள்ளி வாசலில் பிரிவது. இதில் நானே தவறியவள். என் மூத்த மகனைப் பாலர் வகுப்பில் விட்ட முதல் வாரம், அவன் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சொல்லாமல் நழுவி வந்துவிட்டேன். அதன்பிறகு வீட்டிலும் என்னை விடமாட்டான். நான் குளிக்கப் போனாலும் கதவருகே நின்று அழுவான். அந்தப் பயம் தெளிய ஒரு மாதம் ஆனது. இளையவளிடம் ஸலாம் சொல்லி, முத்தம் கொடுத்து, "சாப்பிட்டு விளையாடி முடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டே வந்தேன். அவளும் அழுதாள். ஆனால் நான் சொன்னபடி வருவேன் என்று சில நாட்களிலேயே தெரிந்துகொண்டாள்.

நான்காவது, ஃபோன். "சார்ஜ் இல்லை", "கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு அதே ஃபோனில் நாம் பேசினால் பிள்ளை பார்க்காதா? இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்குக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. கொடுக்கும் முன்பே அளவைச் சொல்லுங்கள். முடிந்ததும் வாங்கி வையுங்கள். அம்மா மறுத்ததை நன்னிமா ஒளித்துக் கொடுக்கக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளை சொல்லும் பொய். இந்த வயதில் கற்பனையும் நிஜமும் கலந்தே வரும். "பொய்யன்" என்று பட்டம் கட்டாதீர்கள். பாலைக் கொட்டியது யார் என்று தெரிந்துகொண்டே "யாரு கொட்டினா?" என்று மிரட்டினால், பயத்தில் "நான் இல்லை" என்றுதான் வரும். "பால் கொட்டிடுச்சு, துணி எடுத்துட்டு வா, துடைப்போம்" என்றால் பொய்க்கு அங்கே வேலையே இல்லை. தானாக வந்து உண்மையைச் சொன்ன பிள்ளையை அடிக்கவே கூடாது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பிள்ளையிடம் தவறாக நடக்க நினைப்பவன் முதலில் சொல்வது, "அம்மாகிட்டச் சொல்லாதே, அடிப்பாங்க" என்பதுதான். உண்மை சொல்லி அடி வாங்கிய பிள்ளை அதை நம்பிவிடும். நம் வீட்டுப் பிள்ளை அதை நம்பாதபடி இன்றே பழக்க வேண்டும். உள்ளாடை மறைக்கும் இடங்களை மற்றவர் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். குளிப்பாட்டும்போது அம்மாவும், அம்மா கூட இருக்கும்போது டாக்டரும் தொடலாம் என்பதையும் சொல்லுங்கள். அம்மா அத்தாவிடம் மறைக்கும் ரகசியம் எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை ஏதேனும் சொன்னால், சொந்தக்காரரைப் பற்றியே ஆனாலும், அதட்டாமல் முழுவதும் கேளுங்கள், நம்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. அதற்கு அழைக்கக் கட்டணம் இல்லை.

நாமும் மனிதர்கள்தான், சொன்னதைச் சில நாள் மறப்போம். அப்போது உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன், மறந்துட்டேன். என் தப்புதான்" என்று சொல்லுங்கள். அதனால் நம் மரியாதை குறையாது. தவறை ஒப்புக்கொள்வது எப்படி என்பதைப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் ஒரு சிறிய வாக்குக் கொடுங்கள். ஒரு கதையாக இருக்கலாம், ஒரு பழமாக இருக்கலாம். இரவு தூங்கும் முன் அதை நிறைவேற்றிவிடுங்கள். நாளைக்கும் அப்படியே செய்யுங்கள்.

எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாகவும், எங்களை அவர்கள் நம்பத் தகுந்தவர்களாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.