பௌதிகவியல் பயிலக் கடல் கடப்போர்

வெளிநாட்டிலே பௌதிகவியல் பயில விழையும் மாணவன் முதலிற் கேட்பது, ‘எந்தப் பல்கலைக்கழகம் பெயர்பெற்றது?’ என்பதே. பெற்றோரும் அதனையே கேட்கின்றனர். ஆனால், அவன் விரும்பும் துறையில் அங்கே ஆராய்பவர் யார், அவரை அணுக முடியுமா என்பதே முதலில் அறியத்தக்கது.

சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாற்றை நேயர்கள் நோக்கலாம். அவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்த 1928ஆம் ஆண்டில், ஜேர்மனியப் பேராசிரியர் சொமர்பெல்ட் அந்நகருக்கு வந்தார். அவருடைய நூலை ஊன்றிக் கற்றிருந்த சந்திரசேகர் ஆவலோடு சென்று கண்டார். அந்நூல் வெளிவந்த பின்னர் அணுவைப்பற்றிய கொள்கையே மாறிவிட்டது என்றார் பேராசிரியர். வேறொருவராயின் மனமுடைந்திருப்பர். சந்திரசேகரோ புதிய கொள்கையைத் தேடிக் கற்றார்; கட்டுரையொன்று வரைந்து, அத்துறையில் ஆராய்ந்துகொண்டிருந்த கேம்பிறிட்ஜ் அறிஞர் பௌலருக்கு அனுப்பினார். அது 1929இல் இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. மறு ஆண்டு அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்தபோது, யாரிடம் செல்வது என்ற ஐயம் எழவில்லை. கேம்பிறிட்ஜ் புகழ்மிக்க இடந்தான். ஆயினும் அவரை அங்கு ஈர்த்தவர் பௌலரே. வெண்குறு விண்மீன்களின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டு என்ற முடிவைக் கப்பற் பயணத்திலேயே அவர் கணித்தறிந்தார். விண்மீன்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1983இல் நோபெல் பரிசும் பெற்றார்.

எனினும் கேம்பிறிட்ஜ் வாழ்க்கை அவருக்கு இனிக்கவில்லை. பௌலர் எளிதிற் காணக்கிடைப்பவரல்லர், தனிமையும் வாட்டிற்று. டிராக்கின் ஆலோசனைப்படி 1932இல் கொப்பன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவகத்துக்குச் சென்றபோதுதான், பல நாட்டு இளைஞரோடு கூடிப் பேசி ஆராயும் சூழல் வாய்த்தது. ஆகவே, ஆசிரியரின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. அவர் மாணவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்பதை அவரிடம் பயில்வோருக்கே எழுதிக் கேட்கலாம். பரிசோதனையில் நாட்டமுடையவன், ஆய்வுகூடக் கருவிகளைப் பட்டதாரி மாணவர் அல்லாதோரும் கையாள இடமுண்டோ எனவும் வினவ வேண்டும்.

இனிப் பணம். காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் உண்டாகையால் இதனை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. ஜேர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை கற்பித்தற் கட்டணம் அறவிடுவதில்லை என்பது உண்மை. ஆனால், பேடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருவோரிடம் அரையாண்டுத் தவணைக்கு 1500 யூரோ அறவிடுகின்றது. கட்டணம் இல்லாத இடத்திலும், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணம் கையில் உண்டென்று விசா பெறுமுன்னரே காட்டல் வேண்டும். முதற்பட்ட வகுப்புக்கள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே நடைபெறுகின்றன; முதுமாணி வகுப்புக்களே ஆங்கிலத்தில் மிகுதியாக உள்ளன. அமெரிக்காவிலோ முதற்பட்டத்துக்குப் பெருந்தொகை செலவாகும். கலாநிதிப் பட்டத்துக்குப் பௌதிகவியல் பயில்வோர், உதவி ஆசிரியராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ பணிபுரிந்து பொதுவாக உதவிச்சம்பளம் பெறுகின்றனர். வசதி குறைந்தோர் முதற்பட்டத்தைத் தாய்நாட்டிலேயே முடித்துக்கொண்டு புறப்படுதல் நன்று.

அத்தகையோர்க்கு இத்தாலியின் திரியெஸ்த் நகரில் ஒரு வாயில் உண்டு. அப்துஸ் சலாம் 1964இல் அங்கே நிறுவிய அனைத்துலகக் கொள்கைப் பௌதிகவியல் நிலையம், 1991 முதல் பட்டப்பின் டிப்ளோமா வகுப்பொன்றை நடத்திவருகின்றது. வளர்முக நாட்டு மாணவரைக் கலாநிதிப் படிப்புக்கு ஆயத்தஞ் செய்வதே அதன் நோக்கம். தெரிவு செய்யப்படுவோருக்குக் கட்டணமில்லை. வாழ்க்கைச் செலவுக்கும் உதவி வழங்கப்படுகின்றது.