எண்ணெய் அமுக்கமானியின் முள் விழுந்தால்



வெலிமடைப் பகுதியில் விளையும் மரக்கறியைக் கெப்பெட்டிப்பொலச் சந்தைக்குக் கொண்டுசெல்ல, இன்றும் நம்மிற் சிலர் பழைய மோட்டார் வண்டிகளையே நம்பியிருக்கின்றனர். ஏற்றத்தின் நடுவே எண்ணெய் அமுக்கமானியின் முள் திடீரெனப் பூச்சியத்துக்கு இறங்கினால், ஒருவர் "மானிதான் பழுது" என்று எண்ணித் தொடர்ந்து ஓட்டுவார். இன்னொருவர் எஞ்சினே போயிற்று என்று அஞ்சி, அதைப் பெருஞ்செலவிற் பிரிப்பார். இரண்டினாலும் நட்டமே விளையும். முள் விழுந்தவுடன் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். அமுக்கம் உண்மையாகவே அற்றுப்போயிருந்தால், சில நிமிட ஓட்டத்திலேயே பெயரிங்குகள் அழிந்துவிடும். நிறுத்திய பின்னரே பிழை மானியிலா எஞ்சினிலா என ஆராய வேண்டும்.

ஒஸ்டின் ஏ-40 போன்ற பழைய கார்களில், எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மானிவரை செல்கிறது. மானியினுள் வளைந்த உலோகக் குழாய் ஒன்று உண்டு. அமுக்கம் கூடும்போது அது நிமிர முயன்று முள்ளைத் திருப்பும். இம்முறைக்கு 1849ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான யூஜின் பூர்டன் காப்புரிமை பெற்றார்.

சோதிக்கும் ஒழுங்கு வருமாறு:

1. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சிறிது நேரம் கழித்து, அளவுக் கம்பியை இழுத்து எண்ணெயின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருப்பின் எண்ணெய் விட்டு, கசிவு எங்கே என்று தேடுங்கள்.

2. எஞ்சின் நின்றிருக்கும்போது முள் பூச்சியத்தில் நிற்றல் வேண்டும். அப்போதும் அமுக்கம் காட்டுமாயின் மானியே பழுது.

3. மெல்லிய குழாய் நசுங்கியோ, வெடித்தோ, அடைபட்டோ உள்ளதா எனப் பாருங்கள். குழாயின்றி மின்கம்பி பூட்டிய மானியாயின், கம்பியின் முனைகள் தளர்ந்தோ துருப்பிடித்தோ உள்ளனவா எனப் பாருங்கள்.

4. முடிவான சோதனை இதுவே: நன்கு இயங்கும் வேறொரு மானியை எஞ்சினிலேயே நேராகப் பூட்டி, சில வினாடிகள் மட்டும் இயக்குங்கள். அமுக்கம் சரியாயின் எஞ்சினிற் குற்றமில்லை. பழைய மானியை அல்லது அதன் இணைப்பை மாற்றினாற் போதும். அதுவும் எழாவிடில் மீண்டும் இயக்காது, வண்டியை இழுத்துச் சென்று மெக்கானிக்கிடம் ஒப்படையுங்கள்.

ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். பதுளை ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலும் உள்ளன. இவ்வேற்றத்தில் எஞ்சின் சூடேறி எண்ணெய் இளகுவதால், முள் மெல்லத் தாழ்வது இயல்பு. நிமிடத்துக்கு 1,000 சுழற்சிக்குச் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் என்பது பொதுவான கணக்கு. ஆயினும் வண்டியின் கைந்நூல் கூறும் அளவே முதன்மையானது.

சோதனை மானியின் விலை, எஞ்சின் திருத்தும் செலவில் மிகச் சிறு பங்கே. பழைய வண்டியோ உழவு இயந்திரமோ வைத்திருக்கும் அயலவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு மானியை வாங்கிவைத்தால், விளைச்சலும் உரிய நேரத்திற் சந்தை சேரும், பணமும் வீணாகாது.