இளகாத இருதயமும் ஏழரைச் சனியும்

(அம்பத்தூர் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



நமது அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் வயதான ஒரு ஸ்திரீக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலில் வீக்கம் காண்கிறது என்றால், அநேக வீட்டார் முதலில் யாரிடம் போகிறார்கள்? சோதிடனிடம். அவன் ஏழரைச் சனி என்கிறான். மந்திரிக்கிறவன் செய்வினை என்கிறான். பரிகாரத்திற்குப் பணம் போகிறதே ஒழிய மூச்சு வாங்குவது நின்றபாடில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தால், இருதயம் நன்றாய்ச் சுருங்குகிறது என்று சீட்டு வருகிறது. உடனே, “டாக்டருக்கே பிடிபடவில்லை பார்” என்று சோதிடனுக்கு மறுபடியும் யோக்கியதை வந்துவிடுகிறது!

சங்கதி என்னவென்றால், இருதயம் சுருங்கினால் மட்டும் போதாது, இளகவும் வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்கி, அத்தனை தடவையும் இளகி இரத்தத்தை உள்ளே வாங்கவேண்டும். இளகுவது ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். தசையணுவுக்குள் பரவிய கால்சியத்தைத் திரும்ப அதன் பைக்குள் ஏற்றினால்தான் தசை தளரும். அதற்கும் சக்தி செலவாகிறது. தசை விறைத்துப் போனாலோ, இரத்தம் இறங்க வழியின்றி நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறுகிறது. மூச்சு வாங்குவது அதனால்தான், சனியனால் அல்ல.

விறைப்பது ஏன்? வயது, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, உடற்கொழுப்பு. இவை உடம்பு முழுவதும் ஓயாத அழற்சியை மூட்டி, இருதயத்தின் நுண்ணிய குழாய்களைக் கெடுத்து, தசையை விறைக்கச் செய்கின்றன என்பது 2013-ல் பவுலஸ், ஷோபே என்ற இரு வைத்தியர்கள் சொன்ன கருத்து. முடிந்த முடிவென்று அதை நான் சொல்லவில்லை, வேதமல்லவே, திருத்தலாம்!

அழற்சியை இரத்தத்தில் காட்டுவது சி.ஆர்.பி. என்னும் புரதம். 1930-ல் டில்லட், பிரான்சிஸ் என்பவர்கள் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டது. நம் சென்னையிலேயே 26,001 பேரைப் பரிசோதித்த டாக்டர் மோகன் குழுவினர், அவர்களில் சிலரின் இரத்தத்தை ஆராய்ந்து, சர்க்கரை வியாதிக்காரர்களிடமும் உடற்கொழுப்பு மிகுந்தவர்களிடமும் இப்புரதம் கூடியிருப்பதை 2005-ல் வெளியிட்டார்கள்.

இதைக் கேட்டவுடன் “முழு உடல் பரிசோதனை” விற்கிறவனிடம் ஓடாதீர்கள். அவன் இன்னொரு புரோகிதன். சளிக் காய்ச்சலிலும், ஈறு வீங்கினாலும், மூட்டு வாதத்திலும் அப்புரதம் ஏறும். அது புகை, நெருப்பு வேறு. பிறவியிலேயே அது சற்றுக் கூடுதலாக உள்ளவர்களுக்கு அதனாலேயே மாரடைப்பு அதிகமாவதில்லை என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சியும் காட்டிற்று.

நெருப்பை அணைப்பதற்குக் கொதிப்பையும் சர்க்கரையையும் அடக்கவேண்டும். அதற்கான மாத்திரையை 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, விரதநாள் என்று நிறுத்துகிறோமே, இது என்ன நியாயம்? எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்து, சர்க்கரை இல்லாதவர்களும்கூட இவ்வியாதியால் ஆஸ்பத்திரியில் சேருவதைக் குறைப்பதாக அதே 2021-ல் தெரிந்தது. உங்களுக்கு அது வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அடுத்த தடவை எக்கோ சீட்டைக் கையில் வாங்கும்போது, “சுருங்குவது சரி, இளகுவது எப்படி?” என்று கூசாமல் கேளுங்கள்.