பரட்டை அண்ணனும் நம் கோயில் கீபோர்டும்



விக்கிரவாண்டி சுற்றுவட்டாரக் காலனிகளில் உள்ள ஆலயங்களுக்குப் போய்ப் பாருங்கள். கூரை தகர ஷீட்டாக இருக்கும், ஃபேன் ஓடாது. கீபோர்டு மட்டும் துணி போர்த்திப் பத்திரமாக இருக்கும். வாசிப்பவர் நம் வீட்டுப் பிள்ளை. அவருடைய தாத்தா ஊர்ச் சாவுக்குப் பறை அடித்தவராக இருக்கலாம். தாத்தாவின் கைக்கும் பேரனின் கைக்கும் நடுவில் நடந்ததைப் பேசத்தான் இன்று பரட்டை அண்ணனை நினைத்துக்கொள்கிறோம்.

ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு 1940இல் பிறந்து 2005இல் மறைந்தவர். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். தலித் இறையியலைப் புத்தகமாக எழுதியவர்கள் உண்டு. இவர் அதைப் பாட்டாகக் கட்டினார். பேச்சுத் தமிழில், நாட்டுப்புற மெட்டில், பறையோடு ஓர் ஆராதனை முறையையே உருவாக்கினார். மேற்கத்திய இசையும் கர்நாடக இசையும் தெரியாததால் இந்தப் பக்கம் வந்தவர் அல்ல. இரண்டும் தெரிந்தவர்.

நம் ஆலயங்களில் அதுவரை இரண்டு பாட்டுகள்தான். ஒன்று பாமாலை, வெள்ளைக்காரர் கொண்டுவந்த மெட்டு. மற்றது கீர்த்தனை. கீர்த்தனை மரபின் பெரிய பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். ஆலயத்தில் எல்லாச் சாதியாரும் சமமாக உட்கார வேண்டும் என்று மிஷனரிகள் சொன்னபோது, 1829இல் அதை எதிர்த்து எழுதியவரும் அவரே. அவருடைய பாட்டை நாம் இன்றும் ஹார்மோனியம் வைத்து உருகிப் பாடுகிறோம். (அந்த ஹார்மோனியத்துக்கும் ஒரு தீட்டு இருந்தது. அதில் கமகம் வராது என்றார்கள். 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளிவைத்தது, 1971 வரை.)

பாட்டை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அண்ணனின் கேள்வி. நடவுப் பாட்டில் யார் வேண்டுமானாலும் ஓர் அடி சேர்க்கலாம். காசு வேண்டாம், வாத்தியார் வேண்டாம், அச்சிட்ட புத்தகம் வேண்டாம். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதை அவர் இறையியலாகப் பேசினார். பாட்டும் அவருக்கு அப்படித்தான்.

அந்தக் கண்ணால் பார்த்தால் கீபோர்டு இடிக்கிறது. விலை அதிகம், கரண்ட் வேண்டும், ஒருவர்தான் வாசிக்க முடியும். சபை எந்தச் சுருதியில் தொடங்கினாலும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திச் சேர்ந்துகொள்ளலாம் என்பது வசதிதான். ஆனால் தாளமும் உள்ளேயே வந்துவிடுகிறது. பக்கத்தில் ஆக்டோபேட் இருந்தால் பறைச் சத்தத்தையே அதில் ஏற்றிக்கொள்ளலாம். சத்தம் கோயிலுக்குள் வந்துவிட்டது, பறைக்காரர் வெளியே நிற்கிறார்.

இவ்வளவு தூரம் அண்ணனோடு வருகிறோம். ஓர் இடத்தில் அவரோடு வாதிட வேண்டியிருக்கிறது. எங்களில் ஒருவருடைய அப்பா மகன் கையில் பறையைத் தரவே இல்லை. ஆட்டை விற்றுப் பழைய கேசியோ ஒன்று வாங்கித் தந்தார். "சாவுன்னா உன்னைக் கூப்பிட்டு அனுப்ப மாட்டாங்கடா" என்றாராம். கூப்பிட்டால் போயே ஆக வேண்டும் என்றிருந்த கைக்கு, போகாமல் இருக்க ஒரு கருவி கிடைத்தது. பறையை விடுதலையின் இசை என்று மேடையில் முழங்கும் நாம், இதைத் துரோகம் என்று சொல்ல முடியாது. கேசியோவில் தொடங்கிய அந்தப் பிள்ளை கச்சேரிகளில் வாசித்துத்தான் தங்கையைப் படிக்க வைத்தார். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதி இல்லை. அந்தக் கதவு அவர் வீட்டுக்கு மூடியே இருந்தது.

கோயிலுக்குள் மட்டும் சாதி விட்டதா? நம் பழைய விழுப்புரம் மாவட்டத்தில்தான் இறையூர் இருந்தது. 2008 மார்ச்சில் அங்கே தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டார்கள். சவ ஊர்வலத்துக்குப் பொதுவழி இல்லை என்பதும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. மோதல் மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஒரே மாதா, ஒரே ஜெபமாலை, ஒரே பாட்டு.

அண்ணனின் வாழ்க்கை ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவரைப் பற்றி 2014இல் ஒரு நூலே கொண்டுவந்தார். நம் காலனி கீபோர்டுக்காரர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. யாரிடம் கற்றார், முதல் கீபோர்டுக்குக் கடன் எங்கே வாங்கினார், கல்யாணக் கச்சேரியில் சாப்பாட்டுக்கு எங்கே உட்கார வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மாணவர்கள் ஆளுக்கு ஒருவரைப் போய்ப் பாருங்கள். போகும்போது அவருடைய அப்பாவையும் பேச வையுங்கள். பறை இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று கேளுங்கள்.