பரிசு போன பிறகும் மிஞ்சும் ஆர்வம்



மனிதரின் ஊக்கத்தையும் தன்னுரிமையையும் நலத்தையும் பேணும் மென்பொருளை எப்படி வடிவமைப்பது என்பதே நம் கருத்தரங்கின் பொருள். தலைமை உரை என்றால் பொருளின் எல்லாப் பக்கங்களையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒன்றைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறேன். அது பரிசு. புள்ளி, நட்சத்திரம், பதக்கம், தீச்சுடர் என்று நம் கைப்பேசித் திரையெங்கும் இன்று நிறைந்திருக்கும் பரிசு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் நடத்திய ஓர் ஆய்வை மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்டார்கள். வண்ணப் பேனாவைக் கண்டாலே படம் வரைய உட்கார்ந்துவிடும் குழந்தைகளாகப் பார்த்து எடுத்து, மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முதல் குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கும் அதே சான்றிதழ்தான். ஆனால் வரைந்து முடித்த பிறகு, எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பறையில் வைத்துவிட்டு, யார் தாமாகப் போய் எடுக்கிறார்கள் என்று குழந்தைகள் அறியாமல் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கோ ஆர்வம் குறையவே இல்லை. இந்த இரண்டாம் குழுவை மறந்துவிடாதீர்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இதற்கு இரண்டாண்டு முன்பே, 1971இல், எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களுக்குப் புதிர்க்கட்டைகளைக் கொடுத்து இதைப் போன்ற முடிவைக் கண்டார். காசு கொடுத்தபோது ஆர்வம் தேய்ந்தது. வாய்திறந்து பாராட்டியபோது வளர்ந்தது. பின்னர் அவரும் ரிச்சர்ட் ரையனும் சேர்ந்து வளர்த்த கோட்பாடு நீங்கள் அறிந்ததே. தானே தேர்ந்து செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு, இந்த மூன்றும் கிடைக்கும் இடத்தில்தான் மனிதர் மனமுவந்து உழைக்கிறார்.

இப்போது ஒரு மொழிகற்றல் செயலியைத் திறந்து பாருங்கள். மேலே ஒரு தீச்சுடர். அதன் அருகே இத்தனை நாள் விடாமல் படித்தாய் என்ற எண். ஸ்ட்ரீக் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரவு பதினொன்றரைக்கு நோட்டிஃபிகேஷன் வருகிறது: இன்று படிக்காவிட்டால் சுடர் அணைந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை என்ன செய்கிறாள்? ஏற்கெனவே தெரிந்த பாடங்களில் ஆகச் சுலபமான ஒன்றை எடுத்து, மூன்று நிமிடத்தில் தட்டி முடித்துவிட்டுப் படுக்கிறாள். சுடர் பிழைத்தது, மொழியில் ஒரு சொல்லும் கூடவில்லை. பழக்கம் பிடிபடும்வரை சுடர் கைகொடுக்கும் என்பார்கள் அதை வடிவமைப்பவர்கள். அதை நான் மறுக்கவில்லை. பழக்கம் பிடிபட்ட பிறகும் சுடரை அணைத்துவைக்கும் வழியை ஏன் கண்ணில் படும்படி வைப்பதில்லை என்றுதான் கேட்கிறேன்.

ரஃபேல் கால்வோ, டோரியன் பீட்டர்ஸ் இருவரும் ரையனோடு சேர்ந்து 2018இல் முன்வைத்த மாதிரி இங்கே பயன்படும். பொத்தானைத் தொடும் அனுபவத்தை ஒரு தளத்திலும், அந்த மனிதரின் முழு வாழ்வை வேறொரு தளத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்கிறது அது. பொத்தான் அளவில் இனிப்பது வாழ்வளவில் தூக்கத்தைத் தின்னலாம். நம் ஆய்வுகளில் பெரும்பாலானவை பொத்தானோடு நின்றுவிடுகின்றன.

மாற்றாக எதைக் காட்டுவாய் என்று கேட்டால், தமிழ் விக்கிப்பீடியாவைக் காட்டுவேன். 2003இல் தொடங்கியது. எழுதுவோருக்குச் சம்பளம் கிடையாது. எந்தக் கட்டுரையை எடுப்பது என்பது எழுதுபவர் விருப்பம். ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு உண்டு. யார் எதை மாற்றினாலும் பழையபடி மீட்கலாம் என்பதால் புதியவர் பயமின்றிக் கைவைக்கலாம். பிழை விட்டால் யாராவது வந்து திருத்துவார். திருத்தத்தைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். பொதுவில் பேச ஆலமரத்தடி என்றே ஒரு பக்கம் இருக்கிறது. அந்த மூன்று உணர்வுகளுக்கும் இங்கே இடமிருப்பதைப் பாருங்கள். அங்கேயும் பதக்கம் உண்டு. ஆனால் ஒருவர் உழைப்பைக் கண்டு மகிழ்ந்த இன்னொரு பயனர், தாமாகவே, அவரது பேச்சுப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும் பதக்கம் அது. நான் மறக்க வேண்டாம் என்ற இரண்டாம் குழு நினைவுக்கு வருகிறதா? பரிசு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால், எதிர்பார்த்து உழைக்கும் பரிசுக்கும் எதிர்பாராமல் வரும் பரிசுக்கும் உள்ள இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

மனத்தை அழுத்தும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுடர் அணைந்தால் அந்தப் பிள்ளைக்கு வருத்தத்தோடு போயிற்று. உணவுப் பொட்டலம் சுமந்து ஓடும் தம்பிக்கு அப்படியல்ல. இன்னும் இரண்டு ஆர்டர் எடுத்தால் இன்சென்டிவ் என்று இரவு பத்து மணிக்குத் திரை சொல்லும்போது, மழையானாலும் வண்டியை எடுக்கிறார். அதே சுடர்தான், இங்கே அதன் பெயர் வாடகைப் பணம். தன்னுரிமை பற்றிய ஆய்வுகள் செயலியை மூடிவைக்க முடிந்தவர்களைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன. மூடிவைக்க முடியாதவர்களிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும்.

சட்டம் ஓரளவு விழித்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பயனரை ஏய்க்கும் 13 வகை வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. விமான டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு வேண்டாம் என்பவரை, 'நான் பாதுகாப்பின்றியே இருந்துகொள்கிறேன்' என்ற பொருளில் சொல்லவைத்துக் கூசச் செய்வது அவற்றில் ஒன்று. ஆனால் இவை வாங்குகிறவரைக் காப்பவை. பிள்ளையின் தூக்கத்துக்கும் தம்பியின் இரவுக்கும் இவற்றில் இடம் இல்லை.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் செயலியை மக்கள் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்ற எண்ணைச் சொல்லும் இடத்தில், புள்ளியும் பதக்கமும் நின்ற பிறகு அவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்களா என்பதையும் சொல்லுங்கள். அதை அளக்கவில்லை என்றால், அளக்கவில்லை என்று மேடையிலேயே சொல்லிவிடுங்கள். எப்படி அளப்பது என்று சேர்ந்து யோசிக்கத்தான் மாலை அமர்வு இருக்கிறது. கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.